கிப்லாவும் முக்கோணக் கணக்கும்



பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் வேளைகளில் பல ஊர்களிலும் ஒரு சர்ச்சை எழுவதுண்டு. இளைஞர் ஒருவர் திசைமானியை மிஹ்ராபின் முன் வைத்து, "நாம் நேர் மேற்கை நோக்கித் தொழுகிறோம், கிப்லாவோ வடக்கே சாய்ந்திருக்கிறது" என்பார். "மக்கா மேற்கில்தானே இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வளவு என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் படிக்கும் கொசைன் சூத்திரமே அக்கணக்கின் திறவுகோல்.

முதலில் எளியதோர் உதாரணம். ஏரியின் ஒரு மதகிலிருந்து எதிர்க்கரை மதகுக்கு உள்ள தூரத்தை அறிய வேண்டும். நீரில் இறங்கி அளக்க இயலாது. வெளியே ஓரிடத்தில் நின்று முதல் மதகுக்கு 500 மீட்டர், மற்றதற்கு 800 மீட்டர், இடைக்கோணம் 60 பாகை என அளந்துகொள்கிறோம். இரு தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 8,90,000. அவ்விரு தூரங்களைப் பெருக்கி, இரட்டித்து, 60 பாகையின் கொசைனாகிய அரையால் பெருக்கினால் 4,00,000. இதைக் கழிக்க எஞ்சுவது 4,90,000. அதன் வர்க்கமூலமாகிய 700 மீட்டரே விடை. இவ்வுண்மையை யூக்ளிட் வடிவக் கணிதமாகவே அறிந்திருந்தார். ஆயினும் பிரான்சு நாட்டுப் பள்ளிகளில் இன்றும் இது சமர்கந்தின் அறிஞர் ஜம்ஷீத் அல்காஷியின் பெயராலேயே வழங்குகிறது.

மக்காவோ ஏரியின் அக்கரை அன்று. பூமி உருண்டை, ஆகவே முக்கோணமும் அதன் மேல் வளைந்து கிடக்கிறது. வட துருவம், நம் கீழ்பென்னாத்தூர், கஅபா ஆகிய மூன்றும் அதன் முனைகள். நம் ஊர் வட அட்சம் சுமார் 12.25 பாகையில் இருப்பதால் துருவத்திற்கு 77.75 பாகை, கஅபாவிலிருந்து துருவத்திற்கு 68.58 பாகை. இரு தீர்க்கரேகைகளின் வித்தியாசமாகிய 39.4 பாகையே துருவத்தில் அமையும் கோணம். கோளத்திற்குரிய கொசைன் சூத்திரம் இது: இரு பக்கங்களின் கொசைன்களைப் பெருக்குக, அவற்றின் சைன்களைப் பெருக்கி, கோணத்தின் கொசைனாலும் பெருக்குக, இரண்டையும் கூட்டுக. 0.0775 உடன் 0.7031 சேர 0.7806 வருகிறது. அது 38.7 பாகையின் கொசைன். பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வீதம், மக்கா நமக்குச் சுமார் 4,300 கிலோமீட்டர் தூரம்.

மூன்று பக்கங்களும் தெரிந்தபின், அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் நம் ஊரில் அமையும் கோணமும் கிடைத்துவிடும். வடக்கிலிருந்து மேற்காக 71 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 19 பாகை. சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பவருக்கு 14 பாகை போலத்தான் தோன்றும். உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த பிழை அது.

டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பிலிருந்த அல்கலீலீ, 14ஆம் நூற்றாண்டிலேயே அட்சம், தீர்க்கம் பாகை பாகையாக மாற, கிப்லாவின் கோணத்தை அட்டவணையாக்கி வைத்தார். கணிப்பான் இல்லாத காலத்தில் எத்தனை இரவுகள் விழித்திருப்பாரோ!

அப்படியானால் நேர் மேற்கை நோக்கித் தொழுத நம் முன்னோரின் தொழுகை என்னாவது? அஞ்ச வேண்டியதில்லை. தொலைவில் உள்ளோருக்குக் கஅபாவின் திசையே போதுமென்பதும், இருபுறமும் 45 பாகைக்குள் விலகினால் தொழுகை கூடும் என்பதும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். 19 பாகைக்காகப் பழைய கட்டடத்தை இடிப்பதோ, ஜமாஅத்தைப் பிளப்பதோ தகாது. புதிதாக அடித்தளம் இடுவோர் மட்டும் சரியாகக் கணித்து இடட்டும்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். மே 27, 28 தேதிகளில் இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57க்கும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக நிற்கும். அந்நேரத்தில் சமதரையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நடுங்கள். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கும் திசையே கிப்லா. நிழலையும் அளந்து பாருங்கள். நம் ஊரில் அது 80 சென்டிமீட்டர் இருக்கும். அந்த நீளத்திற்குரிய கோணம் 38.7 பாகை, நாம் கணக்கில் கண்ட அதே தூரம். ஜூலையில் மேகம் மறைத்துவிட்டால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.