பூமியின் மடிப்பைப் படித்தவர்

இருட்டியதும் லாந்தர் விளக்கைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, ஏற்றி வைப்பது நமது வீடுகளில் ஒரு நித்திய கர்மமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த லாந்தரில் ஊற்றிய எண்ணெயைச் சிலர் 'சீமெண்ணெய்' என்றார்கள். சிலர் 'மண்ணெண்ணெய்' என்றார்கள். இரண்டு பெயரும் பொருத்தமானவையே. கடல் கடந்து தகர டின்களில் வந்தபடியால் முதற் பெயர். மண்ணுக்கடியில் பிறந்தபடியால் இரண்டாவது பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாறு நமது நாட்டுக்கு வந்த எண்ணெயில் அமெரிக்காவின் எண்ணெயும் ஏராளமாக இருந்தது.

மண்ணுக்கடியில் எண்ணெய் உண்டு என்பது சரி. ஆனால் எந்த மண்ணுக்கடியில்? மேலே புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும் இரண்டு மலைகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றைத் துளைத்தால் பணம் கொழிக்கிறது; மற்றொன்றைத் துளைத்தால் உப்புத் தண்ணீர் வருகிறது. இந்தப் புதிருக்கு விடை தேடியவர்களில் முதன்மையான ஒருவரின் சரித்திரத்தையே நேயர்களுக்கு இங்கே கூற விரும்புகிறோம். அவர் பெயர் இஸ்ரேல் சார்லஸ் ஒயிட். எண்ணெய் கிடைக்கும் இடத்தைக் கண்டு சொன்னவர் அவர்; கிடைத்ததைப் பாழாக்காதீர்கள் என்று கதறியவரும் அவரே.

அதிர்ஷ்டத்தை நம்பிய காலம்

1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் தேதி பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் டைட்டஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே, டிரேக் என்பவர் தோண்டிய துளைக் கிணறு ஏறக்குறைய எழுபது அடி ஆழத்தில் எண்ணெயை எட்டியது. அன்று முதல் அந்தப் பிரதேசத்தை ஒரு பைத்தியம் பிடித்துக் கொண்டது. கையில் காசுள்ளவர் எல்லாரும் நிலத்தை வாங்கினார்கள். காசில்லாதவர் கடன் பட்டு வாங்கினார்கள்.

எங்கே தோண்டுவது என்பதற்கு அவர்களிடம் இருந்த சாஸ்திரம் விசித்திரமானது. முதல் கிணறு ஓர் ஓடைக்கரையில் அமைந்தபடியால், ஓடைக் கரைகளிலேதான் எண்ணெய் இருக்கும் என்று சிலர் சாதித்தார்கள். இரண்டு நல்ல கிணறுகளைப் படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் மேலேயே தோண்டிக் கொண்டு போனவர்கள் சிலர். கவைக்குச்சியைக் கையில் பிடித்து நடந்து, குச்சி தாழும் இடத்தைக் காட்டிக் கூலி வாங்கியவர்களும் உண்டு. பூகர்ப்ப சாஸ்திரிகளின் வார்த்தைக்கு அங்கே மதிப்பு மிகக் குறைவு. கல்லைத் தட்டிப் பார்க்கும் பண்டிதனுக்குக் கிணறு தோண்டுவதைப் பற்றி என்ன தெரியும் என்று துளையிடும் தொழிலாளர் நகைத்தனர்.

மலைகளில் நடந்த வாலிபர்

ஒயிட் 1848-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொனொங்கேலியா ஜில்லாவில் பிறந்தார். அப்பொழுது அது விர்ஜீனியா ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு உள்நாட்டு யுத்தம் மூண்டு, 1863-இல் மேற்கு விர்ஜீனியா என்ற தனி ராஜ்யம் பிரிந்தது. புதிய ராஜ்யம் மார்கன்டவுன் நகரில் தனக்கென்று ஒரு ஸர்வகலாசாலையை அமைத்துக் கொண்டது. அதில் பயின்று 1872-இல் பட்டம் பெற்ற ஒயிட், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையே, 1875 முதல் பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவிலும் அவர் வேலை செய்து வந்தார். அது நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையன்று. மலை மலையாக ஏறி இறங்கி, நிலக்கரி அடுக்கு எந்தச் சரிவில் வெளியே தலை காட்டுகிறது, எந்தச் சரிவில் மண்ணுக்குள் மறைகிறது என்று கண்டு குறிக்க வேண்டும். ஒரே கரி அடுக்கு ஓரிடத்தில் மலையுச்சியிலும், சில மைல் தள்ளி ஆற்றுப் படுகைக்குக் கீழேயும் இருக்கும். ஏன்? தட்டையாகப் படிந்த அடுக்குகள் பிற்காலத்தில் பூமியின் நெருக்குதலால் மடிந்து வளைந்து விட்டன. ஜமக்காளத்தின் ஓரத்தைக் காலால் தள்ளினால் நடுவே அலை அலையாக மடிப்பு விழுகிறதல்லவா? அப்படித்தான். இந்த மடிப்புகளைப் பல ஆண்டுகள் கால்நடையாகவே அளந்ததனால் ஒயிட்டுக்கு அந்தப் பிரதேசத்தின் உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே தெளிவாகத் தெரிந்திருந்தது.

மடிப்பின் ரகசியம்

பிட்ஸ்பர்க் நகரத்து இரும்பாலைகளும் கண்ணாடிச் சூளைகளும் நிலக்கரியை விட்டு, பூமியிலிருந்து வரும் இயற்கை வாயுவை எரிக்கத் தொடங்கிய சமயம் அது. 1883-இல் ஏர்ஸ்மன் என்ற எண்ணெய்த் தொழில் அநுபவசாலி ஒயிட்டை அணுகினார். பெரிய வாயுக் கிணறுகள் பலவும் பாறை மடிப்புகளின் முகட்டை ஒட்டியே அமைந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருந்தது. இது தற்செயலா, இயற்கையின் விதியா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஒயிட் கிணறு கிணறாகச் சென்று பார்த்தார். விதிதான் என்று முடிவு செய்தார்.

அந்த விதி சிறு குழந்தைக்கும் விளங்கக் கூடியது. பூமிக்குள் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. ஊறின செங்கல்லில் தண்ணீர் இருப்பது போல, மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் அது ஊறி நிற்கிறது. அதே துளைகளில் உப்பு நீரும் உண்டு, வாயுவும் உண்டு. மூன்றில் நீர் கனமானது. எண்ணெய் அதனினும் இலேசு. வாயு எல்லாவற்றிலும் இலேசு. ஆகையால் வாயுவும் எண்ணெயும் பாறைத் துளைகளின் வழியே மெல்ல மெல்ல மேலேறுகின்றன. மேலே களிப்பாறை மூடியிராவிட்டால் அவை வெளியே கசிந்து போய்விடும். மூடியிருந்தாலோ, கவிழ்த்து வைத்த ஓடு போன்ற மடிப்பின் முகட்டில் சிக்கிக் கொள்கின்றன. உச்சியில் வாயு, அதன் கீழே எண்ணெய், அதற்கும் கீழே உப்பு நீர். முகட்டைத் துளைத்தால் வாயு. சற்றுச் சரிவில் துளைத்தால் எண்ணெய். அடிவாரத்தில் துளைத்தால் நஷ்டம்.

இந்தக் கருத்தை ஒயிட்டே முதன்முதலில் கூறினார் என்று சொல்ல மாட்டோம். 1861-ஆம் ஆண்டிலேயே கானடாவில் ஹண்ட் என்பவரும், ஒஹையோவில் ஆண்ட்ரூஸ் என்பவரும் இதைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் ஏட்டில் கிடந்த கருத்தை எடுத்து, நிலத்தில் சோதித்து, தொழிலுக்குப் பயன்படும்படி செய்த பெருமை ஒயிட்டைச் சேர்ந்தது. 1885-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் அவர் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டதும் பலத்த கண்டனம் எழுந்தது. ஆஷ்பர்னர் என்ற பெயர் பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி, மடிப்பில் தோண்டியும் பயன்படாத கிணறுகளைச் சுட்டிக் காட்டி எதிர்த்தார். எல்லா மடிப்புகளிலும் எண்ணெய் உண்டென்று ஒயிட் கூறவில்லை. துளைகளுள்ள பாறை வேண்டும், மேலே மூடி வேண்டும், மடிப்பும் வேண்டும் என்பதே அவர் கட்சி.

வாதத்தில் மட்டும் வென்றால் போதாது என்று அவர் அறிந்திருந்தார். எண்ணெய் கிடைத்துக் கொண்டிருந்த மௌண்ட் மாரிஸ் என்னும் இடத்திலிருந்து தென்மேற்காகப் பல மைல் தூரம் கரி அடுக்கின் உயரத்தை அளந்து கொண்டே வந்து, மேற்கு விர்ஜீனியாவில் மானிங்டன் ஊரின் அருகே ஓரிடத்தைக் குறித்தார். அங்கே எண்ணெய் இராது என்பது தொழிலில் ஊறியவர்களின் அபிப்பிராயம். 1889-இல் கிணறு தோண்டப்பட்டது, எண்ணெய் வந்தது. அதைத் தொடர்ந்து அந்தப் பிரதேசம் முழுவதும் கிணறுகள் எழுந்தன. நமது நாட்டில், அஸ்ஸாம் காட்டில் திக்பாய் என்னுமிடத்தில் முதற் கிணற்றுக்குத் துளையிடத் தொடங்கியதும் அதே 1889-ஆம் ஆண்டில்தான் என்பது நினைவு கூரத் தக்கது.

பிரேஸிலில் கண்ட நமது தேசம்

1892-இல் ஒயிட் கலாசாலை உத்தியோகத்தை விட்டு எண்ணெய், நிலக்கரித் தொழில்களில் இறங்கினார்; செல்வமும் சேர்ந்தது. 1897-இல் மேற்கு விர்ஜீனியா ராஜ்யம் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா ஒன்றை ஏற்படுத்தியபோது அதன் தலைமை அவரைத் தேடி வந்தது. சாகும் வரையில், முப்பது ஆண்டுகள், அப்பதவியை அவர் வகித்தார்.

இந்தக் காலத்தில் பிரேஸில் அரசாங்கம் தன் நிலக்கரியை ஆராய அவரை அழைத்தது. 1904 முதல் 1906 வரையில் அந்த நாட்டின் தென்பகுதியில் அவர் ஆராய்ந்தார். ஸான்டா கட்டரீனாவில் ரியோ தொ ராஸ்த்ரோ என்னும் மலைத் தொடரின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பாறைகளை வரிசைப்படுத்தி எழுதினார். 'ஒயிட் வரிசை' என்று அது இன்றும் அங்கே வழங்குகிறது.

அந்தப் பாறைகளில் கல்லாய்ச் சமைந்து கிடந்த இலைகள் அமெரிக்காவின் கரிச்சுரங்கங்களில் காணும் இலைகள் அல்ல. நமது தாமோதர் பள்ளத்தாக்கிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் குளாஸ்ஸோப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைகள் அவை. நமது மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரைக் கொண்டு 1872-இல் மெட்லிகாட் என்பவர் இவ்வகைப் பாறைகளுக்குக் 'கோண்ட்வானா' என்று பெயரிட்டிருந்தார். 1908-இல் வெளியான ஒயிட்டின் அறிக்கை, பிரேஸிலின் கரிப் பாறைகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்று காட்டியது. இடையே மகா சமுத்திரங்கள் கிடக்க, ஒரே செடி இத்தனை கண்டங்களில் முளைத்தது எவ்வாறு? இக்கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக ஒட்டியிருந்தன என்ற உண்மைக்கு இத்தகைய சான்றுகளே பிற்காலத்தில் துணை நின்றன.

வீணாய் எரிந்த விளக்குகள்

இனி அவருடைய வாழ்க்கையில் நாம் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருவோம். எண்ணெயைத் தேடியவர்களுக்கு வாயு ஓர் இடையூறு. கிணற்றில் முதலில் வாயு சீறிக் கொண்டு வந்தால், அதைத் திறந்து விட்டு விடுவார்கள். நாள் கணக்கில், மாதக் கணக்கில் அது காற்றோடு கலக்கும். ஒஹையோவில் பின்ட்லே நகரத்தார் 1887-இல் வாயுவுக்கு ஒரு திருவிழாவே நடத்தினார்கள். தீப்பந்தங்கள் இரவும் பகலும் அணையாமல் எரிந்தன. அணைப்பதற்கு ஓர் ஆள் வைப்பதைவிட எரிய விடுவது மலிவு! தங்கள் ஊருக்கு வரும் தொழிற்சாலைகளுக்கு இலவசமாக வாயு தருவதாகப் பல ஊர்கள் போட்டியிட்டன. சில ஆண்டுகளில் அந்த ஊற்றுகள் வற்றின, ஆலைகள் மூடப்பட்டன.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். பூமிக்குள் எண்ணெயும் வாயுவும் வேலி அறியாமல் ஓடுகின்றன. யார் கிணற்றின் வழியே வெளிவருகிறதோ அவருக்கே அது சொந்தம் என்பது அந்நாட்டுச் சட்டம். நாம் எடுக்காவிட்டால் அண்டை நிலத்துக்காரன் எடுத்து விடுவான் என்ற அச்சத்தால் ஒவ்வொருவரும் விரைந்து எடுத்தார்கள், விரைந்து பாழாக்கினார்கள். இந்தியானா ராஜ்யம் 1893-இல் இதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அது செல்லுமென்று 1900-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1908-ஆம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் எல்லா ராஜ்யங்களின் கவர்னர்களையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நாட்டின் இயற்கைச் செல்வங்களைப் பாதுகாப்பது பற்றி மாநாடு கூட்டினார். அங்கே எரிபொருள்கள் பாழாவதைப் பற்றிப் பேசியவர் ஒயிட். எண்ணெயாலும் கரியாலும் செல்வரானவர், அத்தொழில்களின் குற்றத்தைத் தேசத்தின் தலைவர்கள் முன்னிலையில் எடுத்துரைத்தார். கிணறுகளில் வீணாகும் வாயுவையும், கரிச் சூளைகளில் புகையாய்ப் போகும் பொருள்களையும் கணக்கிட்டுக் காட்டினார். இப்படிப் பேசியது தொழிலதிபர் பலருக்கு உவப்பாயிராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் அச்சம் வீண் அச்சமன்று. 1900-ஆம் ஆண்டில் மேற்கு விர்ஜீனியாவின் கிணறுகள் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் பீப்பாய் எண்ணெய் தந்தன. அதற்குப் பிறகு அத்தொகை இறங்கத் தொடங்கி விட்டது.

அவர் விட்டுச் சென்றது

1927-ஆம் ஆண்டு நவம்பரில் ஒயிட் காலமானார். தமக்குச் சொந்தமான கரி நிலங்களைத் தாம் படித்த ஸர்வகலாசாலைக்கும் மார்கன்டவுன் நகரத்துக்கும் முன்னரே தானமாக அளித்திருந்தார்.

அவருடைய கொள்கை எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி அன்று. 1930-இல் கிழக்கு டெக்ஸஸில் கண்டுபிடிக்கப்பட்ட மாபெரும் எண்ணெய் வயல், மேல் மடிப்பு எதிலும் இல்லை. மணற்பாறை மெலிந்து முடியும் ஓரத்தில் அது சிக்கியிருந்தது. ஆயினும் உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயலாகிய அரேபியாவின் கவார் ஒரு நெடிய மடிப்பில்தான் இருக்கிறது. நமது குஜராத்தில் 1960-இல் எண்ணெய் கண்ட அங்கலேஷ்வரும் அத்தகைய மடிப்பே.

எனினும், கிணறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இவரை மதிப்பிடலாகாது என்பது நமது அபிப்பிராயம். புதையல் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தோண்டுவதைத்தான் ஊக்குவிப்பார்கள். இடம் தெரிந்த காரணத்தினாலேயே அதன் எல்லையும் ஒயிட்டுக்குத் தெரிந்தது. மடிப்பு எவ்வளவு பெரியதானாலும் அதற்கு ஓர் அடிவாரம் உண்டு. அங்கே உப்பு நீர் காத்திருக்கிறது. பூமி பல கோடி ஆண்டுகளில் சேர்த்ததை ஒரு தலைமுறையில் ஊதித் தள்ளும் உரிமை எந்த ஜனங்களுக்கும் இல்லை என்பதை, அந்த எண்ணெயினால் வாழ்ந்த ஒருவரே சொல்லிப் போயிருக்கிறார். நிலத்தடியில் செல்வமுடைய ஒவ்வொரு தேசமும் அதைத் தன் காதில் வாங்கிக் கொள்வது நலம்.