ஆவணத்தைச் சேமிக்க ஏற்ற கோப்பு வடிவம் எது?



கனகராயன்குளத்தில் தட்டச்சு செய்த தமிழ் வினாத்தாள் ஒன்றை ஏ-9 வீதியால் வவுனியாவுக்குக் கொண்டுசென்று அச்சிட முயன்றேன். திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றின. கோப்பு பழுதடையவில்லை, அக்கணினியில் பாமினி எழுத்துரு இருக்கவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் என்றால் நிலைமை என்ன?

ஒரு கோப்பு வடிவத்தை மதிப்பிட மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

அ) எக்கணினியிலும் எழுத்துகள் மாறாதிருக்குமா?
ஆ) தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அட்டவணை என்பன பேணப்படுமா?
இ) பின்னர் திருத்தவும் வேறு வடிவத்துக்கு மாற்றவும் முடியுமா?

1. ஆர்.டி.எவ்: மைக்ரோசொப்ட் நிறுவனம் 1987 இல் வெளியிட்டது. வடிவமைப்புக் கட்டளைகளும் சாதாரண எழுத்துகளாகவே எழுதப்படுவதால் பல மென்பொருள்கள் இதனைத் திறக்கும். யுனிகோட் தமிழ் எழுத்து இதில் எண்ணாகச் சேமிக்கப்படும். 'அ' எனின் 2949. 2008 இல் வந்த 1.9.1 ஆம் பதிப்பே இறுதியானது.

2. ஓ.டி.எவ்: 2006 இல் சர்வதேச நியமமானது. விதிகள் பகிரங்கமானவை. லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருளில் திருத்தலாம்.

3. பி.டி.எவ்: அடோபி நிறுவனம் 1993 இல் அறிமுகப்படுத்தியது, 2008 இல் சர்வதேச நியமமானது. எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதிக்கலாம் என்பதால் பக்கத்தின் தோற்றம் மாறாது. திருத்துவதோ கடினம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள் பல இவ்வடிவிலேயே உள்ளன.

கவனிக்க: பாமினியில் 'அ' எனத் தெரிவது உண்மையில் ஆங்கில 'எம்' எழுத்தின் குறியீடே. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைக் காட்டுகிறது. யுனிகோட்டில் 'அ' வுக்கெனத் தனி எண் உண்டு.

மாதிரி வினா: பாமினியில் தட்டச்சு செய்த ஆவணத்தை பி.டி.எவ் ஆக மாற்றினால் போதுமா? காரணம் தருக.

விடை: போதாது. எழுத்துரு பதிக்கப்பட்டிருந்தால் பார்க்கவும் அச்சிடவும் முடியும். எனினும் பிரதிசெய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளே வரும். தமிழில் தேடவும் இயலாது. எனவே முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, திருத்துவதற்கு ஓ.டி.எவ் பிரதியும் அச்சிடுவதற்கு பி.டி.எவ் பிரதியும் வைத்திருத்தல் வேண்டும்.

போர்க்கால இடப்பெயர்வில் எம்மவர் பலர் சான்றிதழ்களையும் புத்தகங்களையும் இழந்தனர். ஆகவே பிரதிகளை ஒரே கணினியில் வைக்காது வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இதனைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள்.