இருதயத்திற்குப் புதுவழி: எந்தக் குழாய் ஏற்றது?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழரும், தென்மாவட்டங்களிலிருந்து அங்குச் செல்வோரும் நன்கறிந்தது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1976-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய இந்நிலையம், தானே உருவாக்கிய செயற்கை இருதய வால்வை 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. வால்வைச் செய்ய முடியுமாயின், ‘பைபாஸ்’ சிகிச்சைக்கு வேண்டிய குழாயையும் செய்துகொள்ளலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம்.

இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் தமனி அடைபட்டால், அடைப்புக்கு அப்பால் வேறொரு குழாயை இணைத்து வழி காண்பதே பைபாஸ். நம் நாட்டில் இதனை முதலில் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், இடம் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, ஆண்டு 1975. இருதயத் தமனிகளோ சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அத்துணைக் குறுகிய செயற்கைக் குழாயில் இரத்தம் விரைவில் உறைந்துவிடும். ஆதலின் நோயாளியின் உடலிலிருந்தே குழாயை எடுக்கின்றனர்.

காலிலுள்ள சிரை நீளமானது, எடுப்பதும் எளிது. எனினும், தாழ்ந்த அழுத்தத்திற்குப் பழகிய அதன் சுவர், தமனியின் அழுத்தத்தால் நாளடைவில் தடிக்கிறது. பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதிச் சிரைகள் அடைபடுகின்றன அல்லது குறுகுகின்றன. மார்பெலும்பின் ஓரமாக ஓடும் உள்மார்புத் தமனியோ, பத்தில் ஒன்பது பேருக்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்தே இருக்கிறது. ஆகவே இடப்புற மார்புத் தமனியை, இருதயத்தின் முன்புறத்து முக்கியத் தமனியுடன் இணைப்பதே வழக்கம்.

இருபுறத்தையும் எடுக்கலாமே எனில், நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்க்கு மார்பெலும்பு ஆறுவதில் இடர் மிகும். முன்கைத் தமனியும் உதவும். ஆனால் எஞ்சும் தமனி கைக்குப் போதிய இரத்தம் அளிக்கிறதா என்று முதலில் சோதிப்பர். அடைப்பு மிகுந்த இடத்திலேயே அது நிலைக்கும். பழைய வழியில் இரத்தம் தாராளமாகப் பாய்ந்தால் புதிய குழாய் சுருங்கிவிடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஓர் ஊரில் சோதனையும் மற்றோர் ஊரில் சிகிச்சையும் பெறுவதுண்டு. மணிக்கட்டு வழியே ஆஞ்சியோகிராம் செய்திருந்தால் எந்தக் கை என்பதையும், காலில் நரம்புச் சுருட்டலோ முந்தைய அறுவையோ இருந்தால் அதனையும் மருத்துவரிடம் தெரிவிப்போம். குறிப்பேடுகளை உடன் கொண்டுசெல்வோம். குழாயைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். புகையிலையை அறவே விட்டு, அவர் தரும் மருந்துகளை இடைவிடாது உட்கொண்டு, அக்குழாயைக் காப்பது நம் கடமை.