கல்குவாரி திறக்குமுன்

சாலைக்கு ஜல்லி வேண்டும். வீட்டிற்குக் கடைக்கால் கல் வேண்டும். பாலத்திற்கும் பள்ளிக்கும் கருங்கல் வேண்டும். ஆகவே, ஊர் எல்லையிலுள்ள பாறையில் கல்குவாரி அமைக்க ஒருவர் முன்வருவது புதுமையன்று. ஆயினும், பாறையை உடைக்க வெடிமருந்தும் எண்ணெயும் உடன் வரும் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் நினைவிற்கொள்ள வேண்டும். அவற்றை எங்கே வைப்பர், யார் காப்பர், மிஞ்சியதை என்ன செய்வர் என்னும் வினாக்களைக் குவாரி திறந்த பின் எழுப்புவதில் பயன் குறைவு. திறக்குமுன் எழுப்புதலே அறிவுடைமை.

முதலாவது, வைக்கும் இடம். 2024 மே 1 ஆம் நாள், விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியை அடுத்த ஆவியூரில் கல்குவாரி ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர் மூவர் மாண்டனர். கிடங்கு உரிமம் பெற்றதாயிருத்தல் வேண்டும். வெடிமருந்தும், அதனைத் தூண்டும் டெட்டனேட்டரும் ஒரே அறையில் இருத்தலாகாது. ஏனெனில், டெட்டனேட்டர் சிறு அடிக்கும் தீப்பொறிக்கும் வெடிக்கக் கூடியது. அருகில் மருந்து இருப்பின் சிறு பிழையும் பெருங்கேடாக முடியும். கிடங்கே வையாமல், உரிமம் பெற்றவர் தேவையான அளவு மட்டும் கொண்டுவந்து அன்றே செலவிடும் ஏற்பாடும் உண்டு. சிறு குவாரிக்கு அதுவே ஏற்றது.

அமோனியம் நைட்ரேட் என்னும் உப்பு உரத்திற்கும் உதவுவது. பாறையைப் பிளக்கும் மருந்திற்கும் மூலப்பொருள் அதுவே. 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி அதனை வைத்திருக்க உரிமம் தேவை. 'உரந்தானே' என்றெண்ணி மூட்டைகளைக் கொட்டகையில் டீசல் பீப்பாய்களோடு அடுக்க இடந்தரலாகாது.

இரண்டாவது, கொண்டுவரும் வழி. 2021 ஜனவரி 21 ஆம் நாள் இரவு, கர்நாடகத்தின் சிவமொக்கா அருகே ஹுணசோடு என்னும் ஊரில், வெடிமருந்து ஏற்றிய லாரி வெடித்து உயிர்கள் பல பலியாயின. நெடுந்தொலைவிலிருந்தோரும் நிலநடுக்கம் என்றே அஞ்சினர். எனவே, வெடிமருந்து வண்டி பள்ளியையும் சந்தையையும் கடந்து செல்லாத வழியை முன்னரே குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, மிஞ்சிய மருந்து. ஹுணசோடு விபத்து நடந்த அடுத்த மாதமே, சிக்கபள்ளாபுரம் மாவட்டத்தில் ஜெலட்டின் குச்சிகளை மறைவாக அப்புறப்படுத்த முயன்றபோது அவை வெடித்து அறுவர் இறந்தனர். மிஞ்சியதைப் புதைப்பதும் எரிப்பதும் தொழிலாளியின் வேலையன்று. வெடிக்காது நின்ற குழியை மீண்டும் தோண்டுதலும் கூடாது. இவற்றை உரிமமும் பயிற்சியும் உடையவரே கவனித்தல் வேண்டும். ஆடு மேய்க்கும் சிறுவர் பாறையிடுக்கில் குச்சியோ கம்பியோ கண்டால், தொடாமல் பெரியோரிடம் கூற அவர்களுக்குக் கற்பித்தல் நலம்.

நீரும் காற்றும் நம் கருத்திற்குரியன. வெடிக்காமல் சிதறிய மருந்தின் நைட்ரேட் மழைநீரில் கரைந்து கிணற்றை அடையக்கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது; மிகுந்தால் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு. டீசல் தொட்டியைச் சுற்றி, கசிந்த எண்ணெய் வெளியேறாதபடி சிமெண்டுச் சுவர் எழுப்புதல் இன்றியமையாதது. துளையிடும்போது நீர் தெளித்தால் கல்தூசி அடங்கும். அத்தூசியே தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்து, தீராத நோயைத் தருவது.

இனி, ஊராட்சி செய்ய வேண்டியவை யாவை? தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 இன்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை அளித்தலாகாது. இத்தூரத்தை நேரில் அளந்து பார்க்க வேண்டும். குவாரி தொடங்குமுன், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்து, நீரையும் சோதித்து, வீட்டுச் சுவர்களின் நிலையைப் படமெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் கிணறு கெட்டாலும் சுவர் வெடித்தாலும், சான்று கைவசம் இருக்கும். இச்சான்றின்றி முறையிடும் உழவர் வெறுங்கையுடன் நிற்க நேரிடும்.

வெடி வைக்கும் நேரம், சங்கொலி, சிவப்புக்கொடி, வழியடைப்பு ஆகியவற்றை எழுத்தில் பெற்று ஊர்ப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். தீ வெடிமருந்தை நெருங்கினால், அதனை அணைக்க ஊரார் ஓடுதல் கூடாது. யாவரும் விலகி, 112 அல்லது 101 என்னும் எண்ணிற்குச் செய்தி சொல்ல வேண்டும்.

இவ்வினாக்கள் அனைத்தையும் கிராம சபையில் வைத்து, கிடைக்கும் விடைகளைத் தீர்மானமாகப் பதிந்து, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புதல் உறுப்பினர் கடமை. வளர்ச்சியை வேண்டாமென்பது நம் நோக்கமன்று. கல்லும் நமக்கு வேண்டும். அதை உடைப்போர் மாலையில் நலமாக வீடு திரும்பவும் வேண்டும்.