ஹைலாண்டர் மக்கள் பள்ளியின் பயிலரங்குகள்

ஹைலாண்டர் மக்கள் பள்ளி என்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932-ஆம் ஆண்டு மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் ஆகியோர் தொடங்கிய வயதுவந்தோர் கல்வி நிலையம் ஆகும். தேர்வோ பட்டமோ இங்கு கிடையாது. தொடக்கத்தில் தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சி அளித்த இந்நிலையம், 1953 முதல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை நீக்குவது குறித்துப் பயிலரங்குகளை நடத்தியது. தென் மாநிலங்களில் பேருந்து, உணவகம், பள்ளி என எங்கும் பிரிவினை நிலவிய அக்காலத்தில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இங்கு ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு விவாதித்தனர்.

பொதுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என 1954-இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அவரவர் ஊரில் எப்படிச் செயல்படுத்துவது என்பதே 1955 கோடைக்காலப் பயிலரங்கின் பொருள். அதில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர் ரோசா பார்க்ஸ். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, மாண்ட்கமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்து அவர் கைதானார். பயிலரங்கே இதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் உரிமை இயக்கத்தில் பணியாற்றியவர்.

பயிலரங்குகளின் நேரடிப் பயனை ஜான்ஸ் தீவில் தெளிவாகக் காணலாம். இத்தீவு தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கு வாக்காளராகப் பதிவுசெய்ய, மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாத மக்களுக்கு இவ்விதி பூட்டிய கதவாக இருந்தது. தீவைச் சேர்ந்த எசா ஜென்கின்ஸ் தாம் ஓட்டிய பேருந்தில் பயணிகளுக்கு அச்சட்டப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஹைலாண்டருக்கு வந்தபோது முதியோருக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டார். 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், சிகையலங்காரத் தொழில் செய்தவர். சிறுவர் பாடநூல்களை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று மாணவர்களையே கேட்டார். கையெழுத்திடுதல், மணியார்டர் படிவம் நிரப்புதல், பிறகு சட்டப் பகுதிகள் என்று பாடம் அமைந்தது. அட்டையில் எழுதிய பெயரின் மேல் மீண்டும் மீண்டும் எழுதிப் பழகினர்.

இப்பணியை வழிநடத்தியவர் செப்டிமா கிளார்க். நீண்டகாலம் ஆசிரியையாக இருந்த அவர், உரிமை அமைப்பு ஒன்றின் உறுப்பினர் பொறுப்பைத் துறக்க மறுத்ததால் 1956-இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தவர்.

1959-இல் காவல்துறை ஹைலாண்டரைச் சோதனையிட்டுக் கிளார்க்கைக் கைது செய்தது. உரிமமின்றி பீர் விற்றது உள்ளிட்ட காரணங்களைக் காட்டி, 1961-இல் பள்ளியின் பதிவு இரத்தாயிற்று. நிலமும் கட்டடங்களும் பறிக்கப்பட்டன. நிலையம் வேறு பெயரில் நாக்ஸ்வில் நகரில் தொடர்ந்தது. குடியுரிமைப் பள்ளிகளை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்று நடத்தியது. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென் கரோலினா போன்ற மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. கிளார்க்கின் பணிநீக்கம் நியாயமற்றது என்று ஏற்று, அவரது ஓய்வூதியத்தைத் தென் கரோலினா ஆளுநர் 1976-இல் மீண்டும் வழங்கினார்.