சிறுவர் என்பும் இயல்பளவும்

ஒரு பொருளின் அளவு இத்துணை என அறிந்த மாத்திரத்தே அறிவு நிறைவுறாது. அது மிகையோ குறைவோ எனத் துணிதற்கு, இயல்பளவு இன்னதென முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். மருத்துவ ஆய்வுகூடத்திற்கும் இவ்விதி பொருந்தும். குருதியிலுள்ள ஒரு பொருளைப் பொறிகள் பிழையின்றி அளந்து தரலாம். ஆயினும், அவ்வெண்ணின் அருகே அச்சிடப்படும் இயல்பெல்லை பொருந்தாததாயின், சரியான எண்ணே வைத்தியரைத் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும். வளரும் பருவத்துச் சிறுவரின் என்பு பற்றிய சோதனைகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

என்பின் நிலையை அறிதற்குக் குருதியிலுள்ள கல்சியம், பொசுபேற்று, விற்றமின் டீ ஆகியவற்றோடு அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்னும் நொதியமும் அளக்கப்படும். 1923 ஆம் ஆண்டில் இலண்டன் லிஸ்டர் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த றொபேட் றொபிசன், என்பு உருவாதலில் இத்தகையதொரு நொதியம் பங்குகொள்கின்றது என எடுத்துக்காட்டினார். என்பு இறுகுவதைத் தடுக்கும் பைரோபொசுபேற்று என்னும் பொருளை இந்நொதியம் சிதைக்கின்றது எனப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. வளர்ந்தோரின் குருதியில் இது ஈரலிலிருந்தும் என்பிலிருந்தும் வந்து சேரும். சிறுவரிலோ பெரும்பகுதி என்பிலிருந்தே வருவதாம். ஆதலின், என்பு விரைந்து வளருங்கால் இதன் அளவும் உயர்ந்தே நிற்கும்.

வளர்ந்தோரில் ஓர் இலீற்றர் குருதிநீருக்கு ஏறக்குறைய 40 முதல் 130 அலகு வரை இயல்பெனக் கொள்ளப்படும். கனடாவில் ரொறன்ரோ நகரச் சிறுவர் மருத்துவமனையை மையமாகக் கொண்ட கலிப்பர் என்னும் ஆய்வுத்திட்டம் 2012 இல் வெளியிட்ட எல்லைகளோ வேறானவை. 1 வயது நிரம்பி 10 வயதை எட்டாத பிள்ளைகட்கு 156 முதல் 369 வரை. 13, 14 வயது ஆண்பிள்ளைகட்கு 127 முதல் 517 வரை. 15, 16 வயதுப் பெண்பிள்ளைகட்கு 54 முதல் 128 வரை. பெண்பிள்ளைகள் முன்னரே பூப்பெய்தி, அவர்தம் என்பு வளர்ச்சியும் முன்னரே தணிதலே இவ்வேற்றுமைக்குக் காரணமாம்.

வளர்ந்தோர் எல்லையைச் சிறுவர்க்கும் இரவல் கொள்வதால் இருவகைத் தீங்கு விளையும். 300 அலகுடைய நலமிக்க பிள்ளை நோயாளியெனக் கருதப்பட்டு, வேண்டாத சோதனைகட்கு ஆளாதல் ஒன்று. மற்றையது இதனினுங் கொடிது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 70 அலகே காணப்படின், வளர்ந்தோர் எல்லைப்படி அஃது இயல்பே, எவரும் ஐயுறார். உண்மையில் அது மிகத் தாழ்ந்த அளவாகும். நொதியக் குறைவால் என்பு இறுகாதொழியும் ஹைப்போபொஸ்பற்றேசியா என்னும் பரம்பரை நோயின் அறிகுறியாகவும் அஃது இருத்தல் கூடும். 1948 இல் கனடிய வைத்தியர் றத்பன் இந்நோய்க்குப் பெயரிட்ட காலத்தில் இதற்கு மருந்தில்லை. 2015 முதல் குறைந்த நொதியத்தை ஈடுசெய்யும் மருந்து வழங்கப்படுகின்றது. மருந்து உளதாகியும், தாழ்ந்த எண்ணை இயல்பெனக் கொண்டு கடந்துசெல்லின் பயன் யாது?

இவ்வெல்லைகளை வகுக்கும் முறை எளிதன்று. நலமுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் இசைவுடன் தெரிந்து, வயதாலும் பாலாலும் வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 120 பேரிடம் குருதி பெறுதல் வேண்டும். அளவுகளை வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஒதுக்கினால், எஞ்சிய நடுப்பகுதியே எல்லையாகும். எனவே, நலமுள்ளோருள்ளும் இருபதில் ஒருவர் எல்லைக்கு அப்பால் நிற்பர் என்பது மறக்கற்பாலதன்று. இதனாலேயே, 1969 இல் பின்லாந்து அறிஞர் கிராஸ்பெக், சாரிஸ் ஆகியோர் முன்வைத்த கருத்தினைத் தழுவி, ‘இயல்பளவு’ என்பதனினும் ‘ஒப்பீட்டளவு’ என்பதே பொருத்தமான பெயரெனக் கொள்ளப்படுகின்றது.

கலிப்பர் திட்டத்தின் 2012 ஆம் ஆண்டு ஆய்வில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பங்குகொண்டனர். அத்துணை முயற்சி எல்லா ஆய்வுகூடங்கட்கும் இயலாது. எனினும், பிறர் வகுத்த எல்லையைத் தன் பொறியிலே, தன் சூழலிலுள்ள நலமுள்ள பிள்ளைகள் இருபதின்மரைக்கொண்டு சரிபார்த்தல் எவ்வாய்வுகூடத்திற்கும் இயலும். இருவருக்கு மேற்பட்டோர் எல்லை கடவாராயின் அதனை ஏற்கலாம். சிறுவர் பெரியோரின் சிற்றுருவங்கள் அல்லர். அவர்தம் உடலுக்கு அவர்க்குரிய அளவுகோலே வேண்டும்.