மதுரைக் கடைவீதி: கடன் நோட்டும் கைபேசி எண்ணும்

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டு நினைவிருக்கும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். அதற்கடியில் இரண்டு பேரின் விரல்கள் மட்டும் பேரம் நடத்தும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தெரியாது. மதுரை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த பழக்கம் இது. தமிழ்நாட்டுச் சந்தைகள் சிலவற்றில் இப்போதும் பார்க்கலாம். பழைய ஜவுளிக்கடைகளில் வேறு விதம். சேலையில் தொங்கும் சீட்டில் கொள்முதல் விலை எழுத்துகளாக இருக்கும். முதலாளி பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எழுத்துக்கு ஓர் எண் வைத்திருப்பார். விற்பனைக்கு நிற்கிற பையன் அதைப் பார்த்து, எதுவரை இறங்கலாம் என்று மனக்கணக்குப் போடுவான். வாங்க வந்தவர் அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொள்வார். தட்டார்கள் கடைக்கு வந்தவர் முன்னாலேயே தங்களுக்குள் பேசிக்கொண்ட சொற்களைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணக்காரர்கள் பதிந்தே வைத்திருக்கிறார்கள்.

ஆக, மறைக்க வேண்டிய பொருள் விலைதான் என்று மதுரை நெடுங்காலம் நினைத்து வந்தது. ஆள் யார், எந்தத் தெரு, எவ்வளவு பாக்கி என்பதை யாரும் மறைக்கவில்லை. இன்று விலை வெளியே வந்துவிட்டது. மாட்டுத்தாவணியில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்பது விடியும்போதே வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 2016-இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தை வந்த பிறகு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலம் திரையில் ஏறுகிறது. தங்கத்தின் அன்றைய விலை பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆள் மட்டும் அன்றும் மறையவில்லை, இன்றும் மறையவில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அன்று அவரைப் பற்றித் தெரிந்தது தெருவோடு நின்றது, இன்று அதுவே சரக்காகி விலைக்குப் போகிறது.

தெருவோடு நின்றதை அதிகமாகப் புகழ்ந்துவிடக் கூடாது. மளிகைக்கடைக் கடன் நோட்டில் முழுப்பெயர் இருக்காது. ‘கோடிவீட்டு அக்கா’, ‘மேலூர் டெய்லர்’, ‘பால்காரர் மச்சான்’ என்றுதான் எழுதியிருக்கும். கீழமாசி வீதி மொத்தக் கடைகளின் பேரேட்டில் ஊரும் பெயரும் தெளிவாக இருக்கும். ஆனால் அதைக் கணக்குப்பிள்ளை தவிர வேறு யாரும் புரட்ட முடியாது. பாக்கி கூடிப்போனால் மட்டும் முதலாளி குரல் உயரும். வரிசையில் நிற்கிற பத்துப் பேர் காதில் விழும்படிதான் உயரும். கடன் வாங்கின வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பத்துப் பேர் போதும். எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். இந்தக் கொடுமை முற்றித்தான் 2003-இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

அந்தக் காலத் தரவுக் கசிவு ஒன்று உண்டு. பலரும் கையில் பிடித்திருப்பார்கள். புதுக்கணக்கு போட்டதும் பழைய நோட்டு பரணுக்குப் போகும். பரண் நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து பொட்டலமாகத் திரும்பும். சுண்டலைத் தின்று முடித்தால் உள்ளே யாரோ ஒருவரின் வங்கிக் கடன் விண்ணப்பம், பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு. நாம் அதை வாசித்துவிட்டுக் கசக்கிப் போட்டோம். யாரும் புகார் கொடுக்கவில்லை. டெலிபோன் டைரக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர், வீட்டு முகவரி, எண் மூன்றையும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதில் பெயர் வந்தால் பெருமை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன இடத்தில் அந்த ஊர் டைரக்டரியைப் புரட்டி உறவுக்காரரைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் தனிக்கடன் வேண்டுமா என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிடவில்லை.

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. சில்லறை இல்லாமல் தவித்த ஊர் மெல்ல மெல்ல க்யூஆர் குறியிட்ட அந்தச் சதுர அட்டைக்குப் பழகியது. இப்போது பருத்திப்பால் வண்டியிலும் ஜிகர்தண்டா கடையிலும் இளநீர்க் குவியலுக்குப் பக்கத்திலும் அது நிற்கிறது. பணம் வந்ததைப் பக்கத்தில் உள்ள ஒலிப்பெட்டி உரக்கச் சொல்கிறது. கல்லாவில் எவ்வளவு விழுகிறது என்பதை முதுகால் மறைத்து எண்ணிய வியாபாரிகளின் ஊரில் இப்படி ஒரு பெட்டி! இந்த ஒரு காட்சிக்காகவே அந்தக் காலத்து முதலாளிகள் யாராவது திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

வசதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்து ரூபாய்க்குப் பூ விற்கிற அம்மாவுக்குக் கள்ள நோட்டுப் பயம் போயிற்று. பணம் கட்டும் பலரின் யுபிஐ முகவரியோ அவர்களுடைய கைபேசி எண்தான். பணம் போனால் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் சேர்ந்து போகிறது. கோடிவீட்டு அக்காவுக்கு இப்போது எல்லாக் கடையிலும் முழுப்பெயர் உண்டு, எண்ணும் உண்டு. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில், பணப் பரிமாற்றத் தரவு முழுவதும் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் முணுமுணுத்தன, கடைசியில் பணிந்தன. ஆனால் நாட்டுக்குள் அந்தத் தரவு எத்தனை கை மாறுகிறது என்பது வேறு கேள்வி.

கைமாறுதல் தொடங்கும் இடம் பெரும்பாலும் பில் போடும் மேசை. துணி எடுத்து, விலை பேசாமல், வரிசையில் நின்றால் முதல் கேள்வி, “சார், மொபைல் நம்பர்?” எதற்கு என்று கேட்டால், “நம்பர் சொன்னாத்தேன் சார் பில்லு வரும்.” அந்தப் பெண்ணின் மேல் பிழையில்லை, அவர் முன்னால் உள்ள திரை அப்படி. நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம், எண் தராவிட்டால் பொருள் இல்லை என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது, அது முறையற்ற வணிகம் என்று அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் திரைவரை வந்து சேரவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் முன்பு நீளமான பதிவேடு ஒன்றிருக்கும். பெயர், ஊர், வந்த காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாவி. இன்று ஆதார் ஜெராக்ஸ். நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் போதுமானது என்பதை வரவேற்பில் உள்ளவரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

கந்துவட்டியும் கைபேசிக்குள் புகுந்தது. கடன் செயலியை நிறுவும்போதே அது தொடர்புப் பட்டியலைக் கேட்கும். தவணை தவறினால் அண்ணன், மாமனார், அலுவலக மேலாளர் என்று பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் அழைப்பு போகும். தெருவில் பத்துப் பேர் காதில் விழுந்தது, இப்போது முந்நூறு பேர் காதில் விழுகிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று விதித்தது. விதிக்குக் கட்டுப்படுகிற செயலிகள் கட்டுப்பட்டன. கட்டுப்படாதவை பெயர் மாற்றிக்கொண்டு வருகின்றன.

பெரிய இடத்துக் கசிவுகளும் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் 2024-இல் டெலிகிராமில் கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடியவரே சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சுண்டல் பொட்டலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் சீட்டுத்தான் வரும்.

மதுரையின் பங்கு வழக்குகளில்தான் கூடுதலாகத் தெரிகிறது. 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு 2021-இல் ஒருவர் வந்தார். கீழமை நீதிமன்றம் தண்டித்த வழக்கில் இதே கிளை 2014-இல் அவரை விடுதலை செய்திருந்தது. ஆனாலும் இணையத்தில் பெயரைத் தட்டினால் தீர்ப்பு வந்து நிற்கிறது, நீக்கித் தாருங்கள் என்றார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்று தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொல்லி, தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் ‘இந்தியன் கானூன்’ தளத்துக்கும் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெயரை மறைக்கக் கேட்டவரின் பெயர் அந்த வழக்கின் தலைப்பாகவே நாடு முழுக்கப் பரவியதுதான் மிச்சம். இங்கே அதை எழுதவில்லை.

அதே 2024 அக்டோபரில், பரமக்குடியிலிருந்து வந்த விவாகரத்து வழக்கு ஒன்றில் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. மனைவியின் கைபேசி அழைப்பு விவரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தார் கணவர். அந்தரங்கத்தை மீறி எடுத்ததைச் சாட்சியாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ஒன்பது மாதத்துக்குள், 2025 ஜூலையில், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவன் மனைவி உரையாடலை ரகசியமாகப் பதிந்ததைச் சாட்சியாக ஏற்கலாம் என்றது. மதுரை சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் மற்றவரின் தகவலைத் திருடலாம் என்றால் கடைக்காரரை என்ன சொல்லித் தடுப்பது?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த கதை நீளமானது, சுருக்கிவிடலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். சட்டத்துக்கு வழிசொல்ல அமைந்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அறிக்கை தந்தது. 2019 மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் மதுரைக்காரர் கவனிக்க வேண்டியது சில உண்டு. காகிதத்தில் இருப்பது இதன் வரம்புக்குள் வராது. மின்னணு வடிவம் பெற்றால்தான் வரும். எனவே கடன் நோட்டும் லாட்ஜின் ஜெராக்ஸ் கட்டும், கணினியில் ஏறும்வரை வெளியேதான். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. உங்கள் எண் கசிந்து உங்கள் பணம் போனால் அபராதத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று பொருள். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். போதாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் மறுக்க வழி அகலமாக்கியிருக்கிறார்கள். குடிமகனை மூட வேண்டிய துண்டு அலுவலகத்தை மூடுகிறது.

கடலுக்கு அப்பால் பார்த்தால், இலங்கை நமக்கு முன்னால் 2022 மார்ச்சிலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த மாதம் அது. முக்கியப் பிரிவுகள் 2025 மார்ச்சில் அமலாக வேண்டியவை தள்ளிப்போயின, அதே ஆண்டு திருத்தமும் வந்தது. அந்தச் சட்டம் வெளிநாட்டு வியாபாரியையும் தொடும். சுங்குடிச் சேலையைப் படமெடுத்துப் போட்டு யாழ்ப்பாணத்து, கொழும்பு வாடிக்கையாளர்களிடம் முகவரி வாங்குகிற மதுரைக் கடை அதன் பார்வைக்குள் வரலாம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டமோ கட்டாயத் தேவையோ இல்லாமல் அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் கேட்கவே கூடாது. நம் மல்லிகை போய் இறங்குகிற ஊர் அது. வாங்குகிறவர் எண்ணை அங்கே மதிக்கிறார்கள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் ஆள் அனுப்பிக் கணக்கை மாதாமாதம் கடிதத்தில் வரவழைத்த செட்டிநாடு மதுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல்தாண்டி வணிகக் கணக்கு போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை, அதற்கு விதி வேண்டும் என்பதும் புதிதில்லை.

சிறு கடைக்காரர்களைச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வணிகர் சங்கங்கள், 1924-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் போன்றவை, 2027-க்குள் ஒரு வேலை செய்யலாம்: பில் மென்பொருளில் எண் கேட்கும் கட்டத்தைக் கட்டாயமில்லாததாக மாற்றச் சொல்லலாம். மென்பொருள் விற்பவருக்கு அது பெரிய வேலையே இல்லை.

வாசகர்களுக்கு இரண்டு செய்தி. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். உங்கள் தகவலை எதற்குக் கேட்கிறோம் என்று நிறுவனம் தரவேண்டிய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் 22-இல் ஒன்றிலோ பெற நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2027 மே முதல் உரிமை தருகிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. தமிழில் கேளுங்கள்.